துரும்பும் தூரமும்

1889 ஆகஸ்ட் 2 அன்று ஹொனலூலு நகரத்தில் ஒரு போதகர் இன்னொரு போதகருக்குக் கடிதம் எழுதினார். எழுதியவர் சார்லஸ் ஹைட் என்ற அமெரிக்க மிஷனரி. கடிதம் இறந்துபோன ஒருவரைப் பற்றியது. மூன்றரை மாதங்களுக்கு முன், ஏப்ரல் 15ஆம் தேதி, மொலோக்காய்த் தீவின் தொழுநோயாளர் குடியிருப்பில் தமியான் என்ற பெல்ஜிய நாட்டுக் கத்தோலிக்கக் குரு காலமாகியிருந்தார். 16 ஆண்டுகள் அந்த மக்களோடு வாழ்ந்து, அவர்களுடைய நோயையே தாமும் பெற்று, 49 வயதில் இறந்தவர். உலகப் பத்திரிகைகள் அவரைப் புகழ்ந்துகொண்டிருந்தன. அந்தப் புகழ்ச்சி பொறுக்காமல்தான் ஹைட் எழுதினார். தமியான் முரட்டு மனிதர், சுத்தம் பேணாதவர், யார் பேச்சையும் கேட்காதவர் என்று அடுக்கிக்கொண்டு போய், பெண்கள் விஷயத்திலும் அவர்மேல் கறை பூசி, அவருக்கு வந்த நோய்க்கே அவருடைய ஒழுக்கக்கேடும் அலட்சியமும்தான் காரணம் என்றும் எழுதினார். தனிக் கடிதம் பத்திரிகையில் அச்சேறிப் பல நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஹைட்டைக் கொடியவராக நினைத்துவிடுவது எளிது. ஆனால் அவருடைய வாழ்க்கை அப்படிச் சொல்லவில்லை. ஹவாய் மக்களைச் சபை ஊழியத்துக்குப் பயிற்றுவிக்கும் பள்ளியை நடத்தியவர் அவர். அத்தீவுப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கமேஹமேஹா பள்ளிகளின் அறக்கட்டளையில் முதல் அறங்காவலர்களுள் ஒருவர். ஜெபிக்கத் தெரிந்தவர், வேதம் கற்றவர், பிறருக்காக உழைத்தவர். அப்படிப்பட்டவர் ஒரு மனிதனின் முழு வாழ்க்கையையும் ஒரே கடிதத்தில் எழுதி முடித்துவிட்டார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. பிறரைத் தீர்ப்பிடும் குணம் பக்தியில்லாதவர்களுக்கு வரும் நோய் என்றால் திருச்சபைக்கு அதைப் பற்றிக் கவலை குறைவு. அது பக்தியின் பக்கத்திலேயே முளைக்கிறது.

தமிழில் ‘தீர்ப்பு’ என்ற சொல்லுக்குள்ளேயே முடிவு இருக்கிறது. தீர்தல் என்றால் முடிந்துபோதல். ஒருவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும்போது அவரைப் பற்றி இனித் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்றும் சேர்த்தே சொல்கிறோம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான ‘கிரினோ’ இன்னும் அகன்றது. பிரித்தறிவது, முடிவெடுப்பது, வழக்கு விசாரிப்பது, தண்டிப்பது எல்லாமே அதில் அடங்கும். இந்த அகலம் தெரியாமல் படிப்பவருக்கு வேதம் முன்னுக்குப் பின் முரணாகத் தோன்றும். மலைப்பிரசங்கத்தில் தீர்ப்பிடவே வேண்டாம் என்கிற இயேசு, யோவான் நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில் வெளித்தோற்றத்தை விட்டு நீதியோடு தீர்மானியுங்கள் என்கிறார். குறித்த காலத்துக்கு முன் யாரையும் தீர்க்க வேண்டாம் என்று கொரிந்தியருக்கு எழுதுகிற பவுல், அடுத்த அதிகாரத்திலேயே தகப்பனின் மனைவியோடு வாழும் ஒருவனைச் சபைக்குப் புறம்பாக்கச் சொல்கிறார். செயலை எடைபோடுவது ஒன்று; ஆளைத் தீர்த்துக்கட்டுவது இன்னொன்று. முதலாவது வேண்டும் என்பதிலும் இரண்டாவது கூடாது என்பதிலும் வேதத்துக்குத் தடுமாற்றமில்லை. தடுமாற்றமெல்லாம் முதலாவதைச் செய்வதாக நினைத்துக்கொண்டு இரண்டாவதைச் செய்துவிடுகிற மனிதனுக்குத்தான்.

துரும்பும் உத்திரமும் பற்றிய உவமை எல்லோருக்கும் தெரியும். தச்சன் வீட்டில் வளர்ந்தவர் சொன்ன உவமை அது. தச்சுப் பட்டறையில் மரத்தூள் கண்ணில் விழுவது அன்றாடம் நடப்பது. கூரையைத் தாங்கும் உத்திரம் கண்ணில் இருப்பதோ யாரும் காணாதது. பெரும்பாலான பிரசங்கங்கள் உன் உத்திரத்தைப் பார் என்பதோடு நின்றுவிடுகின்றன. உவமை அங்கே நிற்கவில்லை. உத்திரத்தை எடுத்துப்போட்ட பிறகு கண் தெளிவாகத் தெரியும், அப்போது சகோதரனின் துரும்பை எடுக்கலாம் என்று முடிகிறது. துரும்பு அப்படியே கிடக்கட்டும் என்று இயேசு சொல்லவில்லை. கண்ணில் தூசி விழுந்தவனுக்கு வலிக்கும். யாராவது எடுத்துவிட வேண்டும். ஆனால் எடுப்பவர் கிட்டத்தில் வர வேண்டும், தலையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும், இமையை மெல்ல விலக்க வேண்டும். எட்ட நின்று யாரும் துரும்பு எடுக்க முடியாது. எட்ட நின்று செய்ய முடிந்தது சுட்டிக்காட்டுவது மட்டும்தான்.

இந்த நெருக்கம்தான் 2,000 ஆண்டுக் கிறிஸ்தவ மரபு தீர்ப்பிடும் நோய்க்குக் கண்ட மருந்து. மரபு அதை எப்போதும் நினைவில் வைத்திருக்கவில்லை என்பதும் உண்மை.

ஹைட்டின் கடிதத்தில் மிகக் கொடிய பகுதி இதுதான்: நோய் வந்ததே பாவத்தால் என்பது. அதற்கு அன்றைய மருத்துவத்திலும் ஒரு சாக்கு இருந்தது. தமியான் மொலோக்காயில் இறங்கிய அதே 1873இல்தான் நார்வே நாட்டு மருத்துவர் ஹன்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டார். ஆனால் தொழுநோய்க்கும் பாலியல் நோய்க்கும் தொடர்பு உண்டு என்ற எண்ணம் ஹவாயில் வெகுகாலம் உலவியது. அந்த எண்ணம் பொய் என்று பின்னால் தெளிவாயிற்று. எண்ணம் பொய்யானபோது அதன்மேல் கட்டிய தீர்ப்பும் இடிந்தது. நம்முடைய எத்தனை உறுதியான முடிவுகள் இன்னும் நிரூபிக்கப்படாத ஏதோ ஒரு எண்ணத்தின்மேல் நிற்கின்றனவோ!

துன்பப்படுகிறவன் தப்புச் செய்திருப்பான் என்ற கணக்கு மிகப் பழையது. பிறவிக் குருடனைப் பார்த்தவுடன் சீடர்கள் கேட்ட முதல் கேள்வி, பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்பது. அவனுக்கு என்ன வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் செத்தபோதும் இதே பேச்சு எழுந்திருக்க வேண்டும். செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்லர் என்று இயேசு அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. யோபுவின் நண்பர்கள் கதை இன்னும் உருக்கமானது. ஏழு நாள் ஏழு இரவு அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார்கள். அதுவரை அவர்களைப் போல நல்ல நண்பர்கள் இல்லை. வாய் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியதும் நட்பு போயிற்று.

மெல்வின் லெர்னர் என்ற உளவியலாளர் 1966இல் வெளியிட்ட ஒரு சோதனை இந்தக் கணக்கின் வேரைக் காட்டுகிறது. ஒரு பெண்ணுக்கு மின்னதிர்ச்சி கொடுக்கப்படுவதாக மாணவிகளை நம்பவைத்துப் பார்க்கச் சொன்னார்கள். அவளுடைய துன்பத்தை நிறுத்தத் தங்களால் முடியாது என்று தெரிந்தபோது, பார்த்தவர்கள் அவளையே மட்டமாக மதிப்பிட்டார்கள். உலகம் நியாயமாகத்தான் நடக்கிறது என்று நம்ப நமக்கு அவ்வளவு ஆசை. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றத் துன்பப்படுகிறவரைக் குற்றவாளியாக்கவும் தயங்க மாட்டோம். விதவைகளை, பிள்ளையில்லாதவர்களை, மனநோய் வந்தவர்களைப் பற்றிச் சபைகளிலும் ஊர்களிலும் பேசுகிற பேச்சை நினைத்துப் பார்த்தால் சோதனைக்கூடம் வெகு தொலைவில் இல்லை.

தீர்ப்பிடும் நோயை மிக நுணுக்கமாக ஆராய்ந்தவர்கள் படித்த இறையியலாளர்களுக்கு முன்பே எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த துறவிகள். நாலாம் நூற்றாண்டில் ஸ்கேத்தே பாலைவனத்தில் மோசே என்று ஒரு துறவி இருந்தார். எத்தியோப்பியர், கறுத்த மேனியர், துறவுக்கு முன் வழிப்பறிக்காரர். ஒரு சகோதரர் தவறு செய்துவிட்டதாக விசாரணைக்குக் கூடினார்கள். மோசே வரவில்லை, ஆள் அனுப்பி அழைத்தார்கள். ஓட்டை விழுந்த ஒரு குடத்தில் தண்ணீர் நிரப்பித் தோளில் சுமந்துகொண்டு வந்தார். நீர் வழிநெடுக ஒழுகிக்கொண்டு வந்தது. இதென்ன என்று கேட்டபோது, தம் பாவங்கள் தமக்குப் பின்னால் இப்படி ஒழுகுகின்றன, தமக்குத் தெரியவில்லை, இன்றைக்கு இன்னொருவர் பாவத்துக்குத் தீர்ப்புச் சொல்ல வந்திருப்பதாகச் சொன்னார். கூடியிருந்தவர்கள் அந்தச் சகோதரரை மன்னித்துவிட்டார்கள். பெசாரியோன் என்ற இன்னொரு துறவி அதிகம் பேசவும் இல்லை. பாவம் செய்த ஒருவரைக் குரு கோயிலைவிட்டு வெளியேறச் சொன்னார். பெசாரியோன் எழுந்து தானும் பாவிதான் என்று சொல்லி அவரோடு கூடவே வெளியே நடந்தார்.

ஆறாம் நூற்றாண்டில் காசா அருகே மடம் நடத்திய தொரோத்தேயு இதை ஓர் இலக்கணம் போலப் பிரித்துவைத்தார். ஒருவன் பொய் சொன்னான் என்று பேசுவது புறங்கூறுதல். அவன் பொய்யன் என்பது தீர்ப்பிடுதல். ஒரு செயலை வைத்து முழு வாழ்க்கையையும் எழுதிவிடுவது. அவனைக் கண்டாலே அருவருத்து ஒதுக்குவது அதற்கும் மேற்பட்ட மூன்றாவது படி. தமிழ் படித்தவருக்கு இது உடனே பிடிபடும். முதலாவது வினைச்சொல், இரண்டாவது பெயர்ச்சொல். வினைக்குக் காலம் உண்டு. நேற்று நடந்தது நாளை மாறலாம். பெயருக்குக் காலம் கிடையாது. குடித்தார் என்பதற்கும் குடிகாரர் என்பதற்கும் நடுவே ஒரு மனிதன் மனம்திரும்பும் வழி முழுவதும் இருக்கிறது. ஹைட்டின் கடிதம் பெயர்களால் நிறைந்தது. கோயிலில் ஜெபித்த பரிசேயனிடம் தொரோத்தேயு கண்ட குற்றமும் இதுதான். தன் நன்மைகளுக்காக அவன் கடவுளுக்கு நன்றி சொன்னதில் தப்பில்லை. பக்கத்தில் நின்ற ஆயக்காரனைக் காட்டிப் பேசியபோதுதான் விழுந்தான்.

தொரோத்தேயு சொன்ன ஒரு கதையும் உண்டு. அடிமைகளை ஏற்றிவந்த கப்பலிலிருந்து இரண்டு சிறுமிகளை வாங்குகிறார்கள். ஒருத்தியை வாங்குபவள் தவவாழ்வு வாழும் கன்னி. பிள்ளையை ஜெபத்திலும் ஒழுக்கத்திலும் வளர்க்கிறாள். இன்னொருத்தி கூத்தாடும் கூட்டத்தின் கையில் சிக்கி, அவர்கள் கற்பித்ததையே கற்று வளர்கிறாள். பிற்காலத்தில் இருவரும் ஒரே தவறைச் செய்தால் இருவருக்கும் ஒரே தீர்ப்பா என்று தொரோத்தேயு கேட்டார். ஒருத்தி எந்த அளவுக்குப் போராடினாள் என்பதை அறிந்தவர் கடவுள் ஒருவரே என்றார்.

இருபதாம் நூற்றாண்டு உளவியல் இதே இடத்துக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தது. பிறர் செய்யும் தவறுக்கு அவர்களுடைய குணத்தையும், நாம் செய்யும் தவறுக்குச் சூழ்நிலையையும் காரணம் சொல்லும் பழக்கம் மனிதர்களுக்கு உண்டு. பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரை வைத்துச் செய்த ஆய்வு 1973இல் வெளிவந்தது. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச் சிறு உரை ஆற்ற வேண்டும். சிலருக்குத் தலைப்பே நல்ல சமாரியன். வழியில் ஒருவர் முனகிக்கொண்டு சுருண்டு கிடக்கும்படி ஏற்பாடு. நேரமாகிவிட்டது, ஓடுங்கள் என்று அவசரப்படுத்தப்பட்டவர்களில் 10 சதவீதம் பேரே நின்றார்கள். அவசரமில்லாதவர்களில் 63 சதவீதம் பேர் நின்றார்கள். தலைப்பு பெரிய வேறுபாடு எதையும் உண்டாக்கவில்லை. இதைப் படித்தவுடன் அந்த மாணவர்களைப் போலி என்று சொல்ல நா எழுகிறதா? அப்படியானால் ஆய்வு சொல்வதையும் தொரோத்தேயு சொன்னதையும் இன்னொரு முறை வாசிக்கலாம்.

இடைக்காலத்தில் தாமஸ் அக்குவினா இந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்கே உரிய நிதானத்தோடு எடுத்துக்கொண்டார். அற்பச் சாட்சியங்களை வைத்துப் பிறரைச் சந்தேகிக்க மூன்று காரணங்கள் உண்டு என்றார். முதலாவது, தன்னிடமே கேடு இருப்பது. அதனால் பிறரிடமும் அதையே எதிர்பார்ப்பது. இரண்டாவது, வெறுப்போ பொறாமையோ இருப்பது. பிடிக்காதவரைப் பற்றிக் கெட்டதைச் சீக்கிரம் நம்புவது. மூன்றாவது, நீண்ட அனுபவம்; அதனால்தான் வயதானவர்கள் அதிகம் சந்தேகப்படுகிறார்கள். ஹைட்டின் கடிதத்தில் இரண்டாவது காரணம் வெளிப்படையாகத் தெரிகிறது. ஹவாயில் புரொட்டஸ்டண்டு ஊழியமும் கத்தோலிக்க ஊழியமும் பல்லாண்டுகளாக ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன.

ஐயமுள்ள விஷயத்தில் நல்ல பக்கமாகவே பொருள் கொள்ள வேண்டும் என்பது அக்குவினாவின் முடிவு. அப்படிச் செய்தால் அடிக்கடி ஏமாறுவோமே என்ற எதிர்வாதத்தை அவரே எழுப்பி, அவரே பதிலும் சொன்னார். கெட்டவரை நல்லவரென்று நம்பிப் பல தடவை ஏமாறுவது, நல்லவரைக் கெட்டவரென்று நினைத்து எப்போதாவது தவறுவதைவிட மேல். மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகு, வேறு எதிலும் ஒத்துப்போகாத இருவர் இதில் ஒத்துப்போனார்கள். மார்ட்டின் லூத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில், பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளைக்கு அயலானுடைய செயல்களுக்கு நல்ல பொருளே கொள்ள வேண்டும் என்று விளக்கம் தந்தார். இக்னேசியு லொயோலா தம் ஆன்மீகப் பயிற்சிகளின் வாசலிலேயே அதே விதியை வைத்தார். பிறர் சொல்வதை முதலில் நல்லபடி புரிந்துகொள்ளப் பார். முடியாவிட்டால் என்ன பொருளில் சொன்னீர் என்று அவரையே கேள். தவறாயிருந்தால் அன்போடு திருத்து. இன்றைய கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் இந்த விதியை அப்படியே எடுத்தாள்கிறது.

விதி எழுதுவது வேறு, நடப்பது வேறு. மூன்றாம் நூற்றாண்டில் தெசியு பேரரசனுக்குப் பயந்து பலியிட்டவர்களைத் திரும்பச் சேர்க்கவே கூடாது என்று நொவாத்தியன் பிரிந்துபோனார். நாலாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் தொனாத்திஸ்துகள், துன்புறுத்தலில் வேதப் புத்தகங்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்த குருக்களையும் அவர்கள் வழிவந்தவர்களையும் ஏற்க மறுத்துத் தனிச் சபையாக நின்றார்கள். சுத்தமான சபை வேண்டும் என்ற ஏக்கம் மதிக்கத்தக்கதுதான். ஆனால் அந்த ஏக்கம் அண்ணன் தம்பி முகம் பாராத பிளவில் முடிந்தது. கோதுமையும் களையும் ஒன்றாய் வளரட்டும் என்ற உவமையை அகுஸ்தீன் அவர்களுக்குத் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டினார். அந்தக் களை கதிர் விடும்வரை கோதுமையைப் போலவே இருக்கும். நெல் வயலில் குதிரைவாலிப் புல்லைப் பிடுங்கப் போய் நாற்றைப் பிடுங்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கேள்வி 1706இல் கப்பலில் வந்து இறங்கியது. தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு தமிழ் கற்க, திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிள்ளைகளோடு தம் இடத்துக்கே வரவழைத்தார். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். 1708க்குள் நீதிவெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார். குற்றமே பார்த்துக்கொண்டிருந்தால் சுற்றம் மிஞ்சாது என்று ஔவையார் பெயரில் வழங்கும் அறிவுரையும் அப்படித்தான் ஐரோப்பிய மொழிக்குப் போனது. இந்த மக்களை நாகரிகமற்றவர்கள் என்று ஐரோப்பியர் நினைப்பது இவர்களுடைய மொழியும் நூல்களும் தெரியாததால்தான் என்று சீகன்பால்கு தம் நாட்டாருக்கு எழுதினார். தமிழர் வழிபாட்டைப் பொய் என்றே அவர் கடைசிவரை கருதினார். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் மக்களைப் பற்றிய தீர்ப்பை மாற்றிக்கொண்டார். மணலில் உட்கார்ந்த பிறகு மாற்றிக்கொண்டார் என்பதும் முக்கியம். 1713இல் தமிழகத் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதி அனுப்பிய பெருநூலை ஹாலே நகரத்து மேலிடம் அச்சிட மறுத்தது. அந்த மூடக் கதைகளை ஐரோப்பாவில் பரப்ப அவரை அனுப்பவில்லை என்பது அவர்கள் எண்ணம். நூல் 1867இல்தான், சென்னையில், அச்சேறியது.

நம்முடைய சபைகள் செய்த தீர்ப்புகளும் உண்டு. அவற்றில் சில செங்கல்லும் சுண்ணாம்புமாகவே எழுந்தன. தேவசகாயம் பிள்ளை 1745இல் ஞானஸ்நானம் பெற்ற நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், 1872இல் கட்டிய கோயிலுக்கு இரண்டு நீண்ட கூடங்கள் அமைத்தார்கள். வெள்ளாளர் ஒரு பக்கம், நாடார் மறுபக்கம். பீடம் மட்டும் பொது. பிறந்த குலத்தை வைத்து ஒருவரை மட்டமென்று தீர்ப்பிட்ட பிறகு, அவரோடு சேர்ந்து ஒரே அப்பத்தில் பங்குபெறக் கட்டடக்கலை துணைக்கு வந்தது. 1910இல் கௌசானல் அடிகளார் கூடங்களைப் பிரித்த தடுப்பை இடித்தார். எதிர்த்தவர்கள் சென்னை உயர்நீதிமன்றம் வரை போனார்கள்; தோற்றார்கள். சுவர் திரும்ப எழவில்லை. ஆனால் தனிக் கல்லறைத் தோட்டம், தனிச் சப்பரம், தனி வரிசை என்று அதன் சாயல்கள் தமிழகத்தின் பல பங்குகளில் இன்னும் நிற்கின்றன. தீர்ப்பிடும் குணத்தைத் தனிமனிதக் குறையாக மட்டும் பேசும் பிரசங்கங்கள் இந்தச் சாயல்களைத் தொடுவதே இல்லை.

தனிமனிதக் குறையோ பெரும்பாலும் நாவில் குடியிருக்கிறது. தமிழ்ச் சபைகளில் அதற்கு ஒரு பக்தியான உருவமே உண்டு: ஜெபக் குறிப்பு. இன்னார் மகள் இன்னாரோடு பேசிக்கொண்டிருக்கிறாளாம், ஜெபத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும்போது புறங்கூறுதலுக்கு முக்காடு போட்டாயிற்று. கேட்டவர் ஜெபிக்கிறாரோ இல்லையோ, செய்தி அன்று மாலைக்குள் மூன்று தெரு போய்விடும். இதற்கு டீட்ரிக் பொன்ஹோஃபர் கண்ட வழி எளிமையானது. நாசி ஆட்சிக் காலத்தில், 1935 முதல் 1937 வரை, ஃபிங்கன்வால்டேயில் அவர் நடத்திய இறையியல் பயிற்சி இல்லத்தில் ஒரே ஒரு விதி வைத்தார். அங்கில்லாத சகோதரரைப் பற்றிப் பேசக் கூடாது. பேசிவிட்டால் அவரிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும். மத்தேயு 18ஆம் அதிகாரம் சொல்லும் ஒழுங்கும் இதையேதான் வேறு விதமாகக் கேட்கிறது. உனக்கு விரோதமாகத் தவறு செய்தவனிடம் முதலில் தனியாகப் போ. கேட்காவிட்டால் ஓரிருவரோடு போ. அதற்குப் பிறகே சபை. நம் வழக்கம் பெரும்பாலும் தலைகீழ். சபைக்கு முதலில் தெரியும், சம்பந்தப்பட்டவருக்குக் கடைசியில் தெரியும்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒரு கடினமான இடத்தைக் கடந்தாக வேண்டும். தீர்ப்பிடாதீர்கள் என்ற வார்த்தை திருச்சபைக்குள் பலமுறை குற்றவாளிக்குக் கேடயமாகவும் ஆகியிருக்கிறது. சென்னையில் பிறந்து உலகப் புகழ்பெற்ற கிறிஸ்தவச் சொற்பொழிவாளர் ரவி சக்கரியாஸ்மீது 2017இல் ஒரு பெண் புகார் சொன்னபோது, சக்கரியாஸ் அந்தப் பெண்மீதே வழக்குத் தொடுத்தார். அவருடைய அமைப்பும் அவர் பக்கமே நின்றது. 2020இல் அவர் இறந்த பிறகு, அமைப்பே நியமித்த சட்ட நிறுவனத்தின் அறிக்கை 2021 பிப்ரவரியில் வெளிவந்தது. பல பெண்களிடம் அவர் பாலியல் அத்துமீறல் செய்திருந்தார் என்பது உறுதியாயிற்று. அந்தப் பெண்ணை நம்பாமல் போனது தவறு என்று அமைப்பு ஒப்புக்கொண்டது.

இங்கே யார் தீர்ப்பிடப்பட்டார்கள் என்று பார்க்க வேண்டும். பெரியவரைத் தீர்க்கக் கூடாது என்று தயங்கியவர்கள், புகார் சொன்ன பெண்ணைப் பொய்க்காரி என்று தீர்க்கத் தயங்கவில்லை. தீர்ப்பு தண்ணீரைப் போலப் பள்ளத்தை நோக்கியே ஓடுகிறது. யோவான் நற்செய்தியில் விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைத்தான் இழுத்து வந்தார்கள். கூட இருந்த ஆண் எங்கே என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. மிகப் பழைய கையெழுத்துப் படிகள் சிலவற்றில் அந்தக் கதையே இல்லை. மனைவிமார் துணிந்துவிடுவார்களோ என்று பயந்து சிலர் அதை நீக்கிவிட்டார்கள் என்று அகுஸ்தீன் கருதினார்.

அக்குவினா இதற்கும் ஒரு வழி விட்டுவைத்தார். ஆளைப் பற்றி நல்லதே நினைக்க வேண்டும். ஆனால் தீங்குக்கு மருந்து தேட வேண்டிய நேரத்தில் மோசமானது நடக்கக்கூடும் என்று வைத்துக்கொண்டே ஏற்பாடு செய்யலாம். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளோடு எந்தப் பெரியவரும் தனியறையில் இருக்கக் கூடாது என்று ஒரு சபை விதி வைத்தால் அது எந்த ஆசிரியரையும் குற்றவாளியாக்குவதில்லை. புகார் வந்தால் போதகரே விசாரித்து முடிக்காமல் காவல்துறைக்குத் தெரிவிப்பதும் அப்படித்தான். யாரையும் தீர்க்காமலிருக்க வேண்டுமானால் உண்மையை விசாரிக்கும் வழி திறந்திருக்க வேண்டும். வழியை அடைத்துவிட்டு, தீர்ப்பிடாதே என்பது பாதிக்கப்பட்டவர்மேல் இன்னொரு தீர்ப்பு.

கலாத்தியர் 6ஆம் அதிகாரத்தில், தவறிய ஒருவனைச் சாந்தமாகச் சீர்ப்படுத்துங்கள் என்று பவுல் எழுதும்போது ஆளும் கிரேக்கச் சொல், கலிலேயாக் கரையில் மீனவர்கள் வலை பழுதுபார்த்ததைச் சொல்ல மாற்கு ஆளும் அதே சொல். வலை பின்னுகிறவர்களைக் கடற்கரை ஊர்களில் பார்த்தவர்களுக்குத் தெரியும். கிழிந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் பின்ன முடியாது. கண்டுபிடித்ததற்காக வலையைத் தூக்கி எறிவதும் கிடையாது. மடியில் போட்டுக்கொண்டு, கண்ணிக்குக் கண்ணி, மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள்.

ஹைட்டின் கடிதத்துக்குப் பதில் சொன்னவர், மொலோக்காய்க்கு நேரில் போய்வந்த ஒருவர். புதையல் தீவு கதையை எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1889 மே மாதம், தமியான் இறந்து ஒரு மாதம் கழித்து, அந்தக் குடியிருப்பில் ஒரு வாரம் தங்கினார். அவர் ஸ்காட்லாந்துப் பிரஸ்பிட்டேரியன் குடும்பத்தில் பிறந்தவர்; கத்தோலிக்கருக்காக வாதாட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லாதவர். தமியானைப் புகழ்ந்தவர்களைவிட அவரோடு மோதியவர்களிடமே அதிகம் விசாரித்தார். 1890 பிப்ரவரியில் சிட்னியிலிருந்து ஹைட்டுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். தமியானின் குறைகளை அதில் அவர் மறைக்கவில்லை. பிடிவாதம் உண்டு, சுத்தக்குறைவு உண்டு, அதிகாரத்தோரணை உண்டு என்று ஒப்புக்கொண்டார். இங்கிலாந்திலிருந்து வந்த நன்கொடையைத் தமியான் கத்தோலிக்கருக்குச் சாதகமாகப் பங்கிட நினைத்ததையும், தவறு என்று ஒருவர் எடுத்துச் சொன்னதும் மனதார ஏற்றுக்கொண்டதையும் கேட்டறிந்திருந்தார். ஹைட் எழுதியதைவிட அதிகமான குறைகள் ஸ்டீவன்சனுக்குத் தெரியும். ஆனால் அவற்றோடு அந்த மனிதன் புண் கழுவியதும் சவப்பெட்டி செய்ததும் தெரியும். ஹொனலூலுவின் பெரெட்டானியா தெருவில் இருந்த ஹைட்டின் வசதியான வீட்டிலிருந்து இவை எதுவும் தெரிந்திருக்காது என்று கடிதம் இடித்துச் சொன்னது.

அந்தக் கடிதம் இன்றும் அச்சில் இருக்கிறது. தமியான் 2009 அக்டோபர் 11 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். ஆனால் ஸ்டீவன்சனின் கதைக்கு இன்னொரு பகுதி உண்டு. ஹைட் அவருக்கு முன்பின் தெரியாதவர் அல்லர். இருவரும் சந்தித்துப் பேசியவர்கள். ஹைட் அவருக்குச் சில உபகாரங்களும் செய்திருந்தார். அவரைக் கிழித்துப்போட்ட எழுத்துக்குக் கூலியாக ஒரு காசும் வாங்க மாட்டேன் என்று பதிப்பாளரிடம் ஸ்டீவன்சன் மறுத்துவிட்டார். அதே 1890 செப்டம்பரில் ஒரு தோழிக்கு எழுதிய கடிதத்தில் அந்தக் கடுமைக்காக வருந்தினார். இப்போது எழுதுவதானால் தமியானுக்காகக் கொஞ்சமும் குறையாமல் வாதாடுவேன், உயிரோடிருப்பவர்களை இவ்வளவு நோகடிக்க மாட்டேன் என்றார். ஹைட் அப்போது ஹொனலூலுவில்தான் இருந்தார். இன்னும் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்து 1899இல் காலமானார்.